இனிப்பு நீரும் புரதக் கசிவும்: ஒரு சோதனையின் பெயரும் நம் பொறுப்பும்



விரும்பிய பொருளில் பேசலாம் என்று மன்றத்தார் எமக்கு உரிமை அளித்தனர். யாம் தெரிந்தெடுத்த பொருளைச் சொன்னதும் சற்றே தயங்கினர். நீரிழிவு உடையோர்க்குச் செய்யப்படும் சிறுநீர்ச் சோதனையைப் பற்றி ஒரு மொழி மன்றத்தில் பேசுவதா என்ற தயக்கம் அது. அதனை யாம் குறையாகக் கொள்ளவில்லை. அவையில் சொல்லத் தகாத சொல்லை 'அவையல் கிளவி' என்று தொல்காப்பியர் காலத்திலேயே வகுத்த மரபு நம்முடையது. எனினும் அத்தயக்கமும் இன்றைய பொருளின் ஒரு பகுதியே என்பதனை உரையின் போக்கில் காண்பீர்கள்.

யாம் மருத்துவர் அல்லோம். தமிழ் மொழியியல் கற்றுக் கற்பித்து ஓய்வு பெற்றவர், நீரிழிவும் உடையவர். நாற்பதாண்டுகள் சொற்பொருளை ஆராய்ந்த ஒருவர் தம் வீட்டிலேயே ஒரு சொல்லின் பொருளைக் கவனிக்கத் தவறிய கதையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடமும் இவ்வுரையில் அடங்கும்.

சொல்ல வந்த கருத்து ஒன்றே. நீரிழிவு உடையவரிடம் ஆண்டுதோறும் கேட்கப்படும் சிறுநீர், இன்று சர்க்கரையைப் பார்ப்பதற்காகக் கேட்கப்படுவதன்று. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிவிட்டதா என்பதை முன்கூட்டியே அறிவதற்காகக் கேட்கப்படுவது. ஆனால் நோயின் பெயர் நம் நாட்டில் இன்னும் 'இனிப்பு நீர்' என்றே வழங்குகிறது. பெயர் ஒன்றைச் சொல்ல, சோதனை வேறொன்றைத் தேட, இரண்டுக்கும் இடையில் நோயாளி நிற்கிறார்.

போத்தல் எதற்கு?

எம் தமையனார் கிள்ளானில் வாழ்ந்தவர்; துறைமுகத்தில் கணக்கராகப் பணியாற்றியவர். நாற்பத்தேழாம் வயதில் அவருக்கு நீரிழிவு கண்டது. ஒழுங்கான மனிதர். மருந்தைத் தவறவிடமாட்டார், தேநீரில் சீனியை அன்றே விட்டார், கிளினிக்கில் குறித்துக் கொடுத்த நாளன்று காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்பார். ஒன்றே ஒன்றுதான் செய்யமாட்டார். சிறுநீர் கொண்டுவரக் கொடுத்த சிறு போத்தலைப் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டுவிடுவார்.

ஒரு தீபாவளியன்று அவர் வீட்டு அலமாரியில் அத்தகைய போத்தல்கள் மூன்று இருப்பதைக் கண்டு காரணம் கேட்டோம்.

"இரத்தத்திலேயே இனிப்பைப் பார்த்திடுறாங்களே தம்பி, அப்புறம் எதுக்கு இந்தப் போத்தல்? பழைய காலத்துப் பழக்கம், இன்னும் விடாம வச்சிருக்காங்க" என்றார்.

யாம் சிரித்தோம். அவரும் சிரித்தார். அண்ணியார் அதிரசம் கொண்டுவந்தார். பேச்சு வேறு திசைக்குச் சென்றது.

அவர் கூறியதைப் பின்னாளில் பலமுறை பகுத்துப் பார்த்தோம். நோயின் பெயர் இனிப்பு நீர். ஆகவே நீரைக் கேட்பது இனிப்பைக் காண்பதற்கு. இனிப்பை இரத்தமே காட்டிவிடுகிறது. ஆகவே நீர் தேவையில்லை. தருக்கத்தில் குற்றமில்லை. தொடங்கிய சொல்லில்தான் குற்றம் இருந்தது. அவரை அறியாதவர் என்று எவரும் சொல்ல இயலாது. தம் மொழி தமக்குச் சொன்னதை நம்பினார், அவ்வளவே.

ஒரே ஒருமுறை அவர் போத்தலை நிரப்பிக் கொடுத்தார். ஒரு கிளினிக்கில் தாள்பட்டை ஒன்றை அதில் தோய்த்துப் பார்த்து, புரதம் 'நெகட்டிவ்' என்று எழுதினர். 'சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை' என்று அவர் பொருள் கொண்டார். அந்தப் பட்டையால் சிறிய கசிவைக் காண இயலாது என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நோய் கண்ட பதினான்காம் ஆண்டில் கணுக்கால் வீங்கியது; சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைத்தது. அதன்பின் இரண்டாண்டுகளில் இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கிற்று. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். ஆறாண்டுகள் அவ்வாறு வாழ்ந்து மறைந்தார். ஆண்டுதோறும் சோதனை செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாம் உறுதி கூறமாட்டோம். அவருக்குக் காலம் கிடைத்திருக்கக்கூடும் என்று மட்டும் கூறுவோம். அக்காலத்தின் அருமையைச் சுத்திகரிப்பு மையத்தின் நாற்காலி அருகே அமர்ந்திருந்தவர்கள் அறிவர்.

இஃது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் நிலை ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். இனவாரியாக நோக்கின் இந்தியர்களிடையேதான் அது மிகுதி; ஏறத்தாழ 31 விழுக்காடு. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. நிம்மதி கொள்ளத் தக்க அளவு அன்று. நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவே காரணம். இவற்றினும் எம்மை வருத்தியது வேறோர் எண். 2018இல் நாடளாவிய நிலையில் திரட்டிய தரவுகளின்படி, வயது வந்தோருள் 15.48 விழுக்காட்டினர்க்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களுள் தமக்கு அந்நோய் இருப்பதை அறிந்திருந்தோர் 5 விழுக்காட்டினர் மட்டுமே. இருபது பேரில் ஒருவர்.

பெயர்களின் வரலாறு

இந்நோய்க்கு உலக மொழிகள் இட்ட பெயர்கள் பெரும்பாலும் சிறுநீரையே சுற்றி நிற்கின்றன. 'டயபெட்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல் ஊடு கடந்து ஒழுகுதல் என்னும் கருத்தினது. அதனோடு சேர்ந்த 'மெல்லிட்டஸ்' என்னும் இலத்தீன் அடைமொழி தேனினிமையைக் குறிப்பது. வடமொழியின் 'மதுமேகம்' தேன்போன்ற சிறுநீர். சீன மொழியில் 'சர்க்கரைச் சிறுநீர் நோய்'. மலாயில் 'கென்சிங் மானிஸ்'. அதாவது இனிப்பான சிறுநீர். மலேசியத் தமிழரின் 'இனிப்பு நீர்' அம்மலாய்ச் சொல்லின் அடியொற்றி எழுந்ததாகவே தோன்றுகிறது. தமிழகத்தார் 'சர்க்கரை நோய்' என்பர். ஈழத்தார் 'சலரோகம்' என்றும் வழங்குவர்.

'நீரிழிவு' என்னும் சொல் தனித்து நோக்கத்தக்கது. இழிதல் என்பதன் பழைய பொருள் இறங்குதல், கீழே பாய்தல். நீர் இழிவது நீரிழிவு. கிரேக்கச் சொல்லின் கருத்துக்கு இது மிக அணுக்கமான சொல். ஆயின் இன்று 'இழிவு' என்றால் தாழ்வு, அவமானம் என்ற பொருளே நம் செவியில் முதலில் விழுகிறது. நோயின் பெயரிலேயே ஓர் அவமானம் ஒட்டிக்கொண்டது போன்ற மயக்கம் இதனால் எழுகிறது. சொல் குற்றமற்றது, பொருள் நகர்ந்துவிட்டது.

இப்பெயர்கள் தோன்றிய காலத்தில் அவை பொருத்தமானவையே. சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டைய இந்திய மருத்துவர் கண்டனர். இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1674இல் அதன் இனிமையை எழுதி வைத்தார். 1776இல் மாத்தியூ டாப்சன் சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். நம் அவையில் உள்ள மூத்தோர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பெனடிக்ட் கரைசலைப் பார்த்திருப்பீர்கள். நீலக் கரைசல் சர்க்கரை பட்டுச் சூடேறினால் செங்கல் நிறமாகும். ஒரு காலத்தில் நோயாளிகள் தம் வீட்டிலேயே அச்சோதனையைச் செய்து வந்தனர். அக்காலத்தில் சிறுநீர்ச் சோதனை என்றால் சர்க்கரைச் சோதனையே.

பிறகு இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் எளிய கருவிகள் வந்தன. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை வந்தது. சர்க்கரையைக் காணும் வேலை சிறுநீரிடமிருந்து இரத்தத்திற்கு மாறியது. ஆனால் போத்தல் போகவில்லை. அதற்கு வேறொரு வேலை வந்தது. மொழியியலில் இதனைப் பொருள் மாற்றம் என்போம்: சொல் நிற்கும், சொல் சுட்டும் பொருள் மாறும். எம் தமையனார் பழைய பொருளிலேயே நின்றுவிட்டார்.

இன்று நிலைமை இன்னும் விந்தையானது. எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் போன்ற புதிய மருந்துகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இவற்றை உட்கொள்வோரின் சிறுநீரில் சர்க்கரை இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். நோயின் பெயராக இருந்த 'இனிப்பு நீர்' இன்று சிகிச்சையின் விளைவாகவும் ஆகிவிட்டது. பெயரை நம்பிப் பொருளைத் தேடுவோர்க்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை வேண்டுமோ?

கசிவு என்பது யாது?

போத்தல் இன்று தேடுவது 'ஆல்புமின்' என்னும் புரதத்தை. முட்டையின் வெண்கருவுக்குரிய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நம் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் ஆல்புமின் உண்டு. உடலுக்கு வேண்டிய பொருள், வெளியேறக் கூடாதது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை கழிவை விட்டுவிட்டு ஆல்புமினைத் தடுத்து நிறுத்தும். ஆகவே நலமான ஒருவரின் ஒருநாள் சிறுநீரில் 30 மில்லிகிராமுக்கும் குறைவான ஆல்புமினே காணப்படும். பல ஆண்டுகள் மிகுந்த சர்க்கரையும் உயர்ந்த இரத்த அழுத்தமும் தாக்கும்போது வடிகட்டியின் கண்கள் பழுதுறுகின்றன. நம் வீட்டுத் தேநீர் வடிகட்டியில் ஓர் இழை அறுந்தால் தூள் கோப்பையில் விழுவதுபோல் ஆல்புமின் சிறுநீரில் விழத் தொடங்குகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, நிறம் மாறுவதில்லை. நுரை கண்ணுக்குத் தெரியும் நிலையில் கசிவு பெரும்பாலும் மிகுந்துவிட்டிருக்கும். முன்கூட்டியே அறியச் சோதனையன்றி வேறு வழியில்லை.

இதிலும் நீண்ட வரலாறு உண்டு. சிறுநீரக நோயாளரின் சிறுநீரைச் சூடாக்கினால் வெண்கருபோல் உறைவதை லண்டனின் ரிச்சர்டு பிரைட் 1827இல் விரிவாக எழுதினார். அது முற்றிய நோயின் அடையாளம். மிகச் சிறிய அளவையும் அளக்கும் முறையை 1963இல் ஹாரி கீனும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்டனர். அச்சிறிய கசிவே பின்வரும் சிறுநீரக நோயை முன்னறிவிக்கிறது என்பதை 1982இல் விபர்ட்டி குழுவினரும், 1984இல் டென்மார்க்கின் மோகென்சனும் காட்டினர். சாதாரணத் தாள்பட்டை, சிறுநீர் லிட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 300 மில்லிகிராம் ஆல்புமின் கலந்தால்தான் நிறம் மாறும். எம் தமையனார் தாளில் எழுதப்பட்ட 'நெகட்டிவ்' பொய்யன்று. 'பட்டைக்கு எட்டவில்லை' என்பதே அதன் பொருள். 'இல்லை' என்பது அதன் பொருளன்று.

ஆகவே இன்று கேட்கப்பட வேண்டியது 'ஏ.சி.ஆர்.' எனப்படும் அளவீடு. சிறுநீரில் உள்ள ஆல்புமினை, அதே சிறுநீரில் உள்ள கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளால் வகுத்துச் சொல்வது அது. வகுப்பானேன்? நிறைய நீர் குடித்துவிட்டுப் போனால் சிறுநீர் நீர்த்துப்போய் ஆல்புமின் குறைவாகத் தோன்றும். கிரியேட்டினினும் அதே அளவில் நீர்த்துப்போகும்; ஆதலின் விகிதம் பெரும்பாலும் மாறாது.

மலேசிய ஆய்வுக்கூடங்கள் இதனை மில்லிமோலுக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிக்கும். பொதுவாக 3க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை மிதமான கசிவு. 30க்கு மேல் கடுமையான கசிவு. ஆடவர்க்கு 2.5, மகளிர்க்கு 3.5 என்று எல்லை வகுப்பாரும் உளர். தாளில் கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்றிருந்தால் இவ்வெண்கள் ஏறத்தாழ பத்து மடங்காக, 30 என்றும் 300 என்றும் இருக்கும். எண்ணைப் படிக்குமுன் அலகைப் படிக்க வேண்டும்.

காலையில் எழுந்தவுடன் கழியும் முதற்சிறுநீரின் நடுப்பகுதியே சிறந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிலக்கு ஆகியவை அளவைத் தற்காலிகமாக உயர்த்தும். எனவே ஒரு முறை உயர்ந்ததைக் கொண்டு அஞ்ச வேண்டியதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று சோதனைகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் உறுதி. இரண்டாம் வகை நீரிழிவினர்க்கு நோய் கண்ட அன்றே தொடங்கி ஆண்டுதோறும், முதல் வகையினர்க்கு ஐந்தாண்டு கழிந்தபின் ஆண்டுதோறும் இச்சோதனை வேண்டும். சிலர்க்குக் கசிவு இல்லாமலே சிறுநீரகத் திறன் குறையக்கூடும். ஆதலின் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துத் திறனைக் கணிக்கும் சோதனையும் உடன் வேண்டும். இரத்தச் சோதனை மட்டும் போதும் என்பதும் பிழை. சிறுநீரகத் திறன் பெரிதும் குறையும்வரை அந்த எண் இயல்பாகவே நிற்கக்கூடும்.

முன்கூட்டியே அறிந்தால் என்ன பயன்? இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளுள் ஒரு வகை கசிவையும் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கிறது என்பதை 1993, 2001 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் நிறுவின. முன்சொன்ன புதிய மருந்து வகையும் சிறுநீரகத்தைக் காக்கிறது என்பதை 2019 முதல் வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. இவற்றோடு சர்க்கரைக் கட்டுப்பாடு, உப்பைக் குறைத்தல், புகையை விடுதல், மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்காமை ஆகியன சேர வேண்டும்.

தகுதி வழக்கு மூன்றும்

இனி எம் துறைக்கு வருவோம். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனையும் தகுதி வழக்கு என்று நன்னூல் வகுத்தமை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பாடம். அம்மூன்றும் இந்தச் சோதனையின் குறுக்கே நிற்பதைக் காட்ட விரும்புகிறோம்.

முதலாவது இடக்கரடக்கல். 'சிறுநீர்' என்பதே நாகரிகம் கருதி அமைந்த சொல். அதனையும் சொல்லத் தயங்கி 'ஒன்றுக்குப் போதல்' என்போம். இந்நாகரிகம் நன்று. ஆனால் பேத்தி வயதுள்ள தாதியிடம் போத்தலை நீட்டத் தயங்கி அதனைக் கைப்பைக்குள்ளேயே மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் மூதாட்டியர் நம்மிடையே உளர். சொல்லை அடக்குவது நாகரிகம்; செயலையும் அடக்குவது கேடு.

இரண்டாவது மங்கலம். இறந்தாரைத் துஞ்சினார் என்பதுபோல, நோயையும் மெல்லச் சொல்கிறோம். "கொஞ்சம் இனிப்பு இருக்கு" என்கிறோம். பத்தாண்டு நோயும் 'கொஞ்சம்'. இருபதாண்டு நோயும் 'கொஞ்சம்'. கேட்போர்க்கு ஆறுதல், உடையவர்க்கு மறதி.

மூன்றாவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல, ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல். 'ஏ.சி.ஆர்.', 'மைக்ரோஆல்புமின்' ஆகியன மருத்துவக் குழுவினரின் குழூஉக்குறிகள். அவை அவர்கட்கு வேண்டியவை. ஆனால் அவை பெயர்க்கப்படாமலே நோயாளியின் கைக்கு வருகின்றன.

ஆக, நோயாளி தம் சொல்லை அடக்குகிறார். குடும்பம் மெல்லச் சொல்கிறது. மருத்துவர் குறியால் எழுதுகிறார். மூவரும் தகுதி கருதியே பேசுகின்றனர். ஆயினும் செய்தி மட்டும் ஒருவரையும் சேர்வதில்லை.

எச்சொல் வேண்டும்?

கலைச்சொல் ஆக்குவோர் இங்கு ஒரு தவற்றைச் செய்யக்கூடும். 'மைக்ரோஆல்புமின்' என்பதை 'நுண்ணால்புமின்' என்று பெயர்த்துவிட்டு அமைதியடையக்கூடும். மூலச்சொல்லே மயக்கம் தருவது. ஆல்புமினில் சிறிய வகை என்று ஒன்றில்லை, அளவுதான் சிறிது. மேலும் 'மைக்ரோ' என்றதும் அற்பமானது என்ற எண்ணம் எழுகிறது. சிறுநீரக நோய்க்கு உலக அளவில் வழிகாட்டு நெறிகளை வகுக்கும் கே.டி.ஐ.ஜி.ஓ. அமைப்பு 2012இல் ஆய்வுக்கூடங்கள் இச்சொல்லைக் கைவிட வேண்டும் என்று கூறியது. மருத்துவர்களே ஒரு சொல்லின் தீங்கை உணர்ந்து விலக்க முனைந்தனர். அவர்கள் விலக்கியதை நாம் பெயர்த்து வைத்துக்கொள்வது முறையாகாது.

யாம் முன்வைக்கும் சொல் 'புரதக் கசிவுச் சோதனை'. ஆல்புமின் புரதங்களுள் ஒன்றே என்பதால் இச்சொல் ஆய்வுக்கூடத்திற்குப் போதாது, அங்கே 'ஏ.சி.ஆர்.' இருக்கட்டும். வீட்டுக்கு இது போதும். 'கசிவு' எல்லார்க்கும் தெரிந்த சொல். கூரை கசிந்தால் மழைக்காலம் முடியட்டும் என்று எவரும் காத்திரார். அச்சொல்லிலேயே 'உடனே பார்' என்னும் குறிப்பு அடங்கியிருக்கிறது. நோயின் பெயரையும் மாற்றுக என்று யாம் கேட்கவில்லை. மக்கள் வாயில் ஊன்றிய பெயரை மன்றம் மாற்ற இயலாது. ஆனால் 'இனிப்பு நீர்' என்று சொன்னவுடன், 'இனிப்புக்கு இரத்தம், சிறுநீரகத்துக்கு நீர்' என்று சேர்த்துச் சொல்லப் பழக்க இயலும்.

சிறுநீரகத்தின் பெயரிலும் ஒரு நயம் உண்டு. மலாயில் அது 'புவா பிங்காங்'; இடுப்பின் கனி. நம் பேச்சுத்தமிழிலும் 'குண்டிக்காய்' என்று காயாகவே சொன்னோம். பக்கத்து வீட்டார் கனியாகவும் நாம் காயாகவும் கண்ட உறுப்பு அது. இருவீட்டிலும் இன்று ஒரே நோய்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர்களே, கிள்ளானிலோ இப்பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கிளினிக்கின் முகப்பில் சற்று நேரம் நின்று பாருங்கள். மலாயில் எழுதிய சீட்டைப் பாட்டிக்குத் தமிழில் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளிச் சீருடையில் நிற்கும் பேரப்பிள்ளைதான். 'ஊஜியான் ஆயர் கென்சிங்' என்று அதில் இருக்கும். பிள்ளை வெட்கத்தோடு "யூரின் கேக்குறாங்க பாட்டி" என்று சொல்லி நிறுத்திவிடும். மொழிபெயர்ப்பு முடிந்தது, பொருள் போய்ச் சேரவில்லை. "பாட்டி, சிறுநீரகம் கசியுதான்னு பார்க்கிறாங்க. இது இனிப்புக்கு இல்ல" என்று இன்னும் ஓரிரு தொடர் சேர்த்துச் சொன்னால், நீங்கள் அன்று செய்தது ஒரு பெரிய மொழிப்பணி.

ஆசிரியர்களே, தகுதி வழக்கு நடத்தும் நாளில் 'கால் கழுவி வந்தேன்' என்னும் பழைய எடுத்துக்காட்டோடு இந்தப் போத்தலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள மூத்தோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு வரட்டும். சென்ற ஓராண்டில் புரதக் கசிவுச் சோதனை செய்தீர்களா? பட்டையால் செய்தார்களா, விகிதம் பார்த்தார்களா? எண் என்ன? விடை தெரியாவிடில் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினா கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள். விடைகளை வகுப்பில் படிக்க வேண்டா, அவை வீட்டுக்குரியவை.

தமையனார் மறைந்த ஆண்டில் யாமும் போத்தலை நிரப்பிக் கொடுத்தோம். எமக்கு நீரிழிவு கண்டு அப்போது ஒன்பதாண்டுகள். அதுவரை எத்தனை முறை கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம் என்பதை யாமும் கேட்டதில்லை. விகிதம் 6.2 என்று வந்தது. மூன்று மாதம் கழித்து மீண்டும் 5.8. கசிவு உறுதியாயிற்று. மருத்துவர் மருந்தை மாற்றினார். இரத்த அழுத்தத்தைக் குறைத்தார். ஊறுகாயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார். சென்ற ஆண்டின் எண் 2.3. இது வெற்றியன்று, ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய எண். ஆயினும் இன்று இவ்வவையில் இரண்டு கால்களாலும் நின்று பேச இயல்கிறது.

அந்தத் தீபாவளியன்று யாம் சிரித்த சிரிப்பை இன்றும் மறக்க இயலவில்லை. "அண்ணே, அது இனிப்புக்கு இல்ல" என்ற நான்கு சொற்கள் எம்மிடம் இருந்திருக்க வேண்டும், இல்லை. சொல்லாராய்ச்சியில் பட்டம் பெற்ற எமக்கே இல்லாதிருந்த அச்சொற்களை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறோம். உங்கள் வீட்டு அலமாரியிலும் வெறும் போத்தல் ஒன்று இருக்கக்கூடும். இன்றிரவே பாருங்கள்.